காணாமல் போன ரகரம்

ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போன கட்டைப்பைக்குள் எங்கள் வீட்டு டி.வி. ரிமோட் இருந்தது. விழுப்புரத்தில், தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவுக்கு வெளியே போட்டிருந்த இரும்பு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, மகளிடம் பேசலாம் என்று பைக்குள் கையை விட்டேன். கையில் அகப்பட்டதை எடுத்துக் காதில் வைத்த பிறகுதான் அது போன் இல்லை என்று தெரிந்தது. பின்பக்க மூடி உடைந்துபோய், பேட்டரி விழாமலிருக்க என் வீட்டுக்காரர் ரப்பர் பேண்டு சுற்றி வைத்திருந்த ரிமோட். பக்கத்தில் காத்திருந்தவர்கள் பார்த்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. அங்கே உட்கார்ந்திருந்த எல்லோருடைய பையிலும் அப்படி ஏதாவது ஒன்று இருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

பையை மடியில் கவிழ்த்துப் பார்த்தேன். அவருடைய லுங்கி இரண்டு, ஈரத் துண்டு ஒன்று, பாதி தீர்ந்த தைலப் புட்டி, ரேஷன் கார்டு, என்னுடைய பள்ளிக்கூட அடையாள அட்டை, விடைத்தாள் திருத்துகிற சிவப்புப் பேனா. ஆஸ்பத்திரியில் கேட்ட ஆதார் அட்டை இல்லை. அவர் சாப்பிடுகிற பிரஷர் மாத்திரையின் அட்டையும் இல்லை. பரீட்சைக்கு முன்னால் பிள்ளைகளைப் பார்த்து, பதற்றப்பட்டால் தெரிந்ததும் மறந்துபோகும், நிதானமாக எழுதுங்கள் என்று வருஷம் தவறாமல் சொல்கிறவள் நான். சிவப்புப் பேனாவை மட்டும் மறக்காமல் கொண்டு வந்திருந்தேன். அதை ஜன்னல் வழியாக எறிந்துவிடலாமா என்று தோன்றியது. எறியவில்லை, திரும்பப் பைக்குள்ளேயே போட்டேன்.

நான் தமிழாசிரியை. வீடு திண்டிவனத்தில், வேலை விழுப்புரத்தில் ஒரு பள்ளியில். காலையில் ஏழேகால் பஸ்ஸைப் பிடித்தால்தான் முதல் மணிக்குப் போய்ச் சேர முடியும். என் வீட்டுக்காரருக்குக் கிளியனூர்ப் பக்கம் கொஞ்சம் நிலம். ஒரு போகம் நெல், ஒரு போகம் மல்லாட்டை, வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பெயர். நான் பஸ்ஸுக்கு விழுப்புரம் பக்கம் திரும்ப, அவர் வண்டியை எடுத்துக்கொண்டு பாண்டிச்சேரி ரோட்டில் கழனிக்குப் போவார். அவர் பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவர். நான் எம்.ஏ., பி.எட். கல்யாணமான புதிதில் இது சரிப்பட்டு வராது என்று இரண்டு பக்கத்திலும் பேசினார்கள். சரிப்பட்டுத்தான் வந்தது. அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதேயில்லை. தனியாக இருக்கும்போதும் "டீச்சரு" தான்.

அவருக்கு ழகரம் வராது. பழம் பளமாகும், மழை மளையாகும். வீட்டுக்குள்ளேயே இப்படி ஒரு ஆளை வைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்தில் ஊர்ப் பிள்ளைகளை மிரட்டுகிறோமே என்று எனக்கு ரோஷம். சாப்பிட உட்காரும்போதெல்லாம் திருத்துவேன். நாக்கை உள்ளே மடித்துச் சொல்லுங்கள் என்பேன். அவர் சோற்றை வாயில் வைத்துக்கொண்டே மடித்துப் பார்ப்பார், புரையேறும். "எனுக்கு அந்த எளுத்து வராது டீச்சரு. ஆனா ஒண்ணு, என் ரா மாதிரி உங்க ஸ்கூல்ல ஒருத்தர் சொல்லட்டும் பாப்போம்" என்பார். அது உண்மைதான். மாடு ஓட்டிப் பழகிய வாய் அவருக்கு. ர என்கிற எழுத்து வந்தால் உருட்டி எடுத்துவிடுவார். அடுத்த தெருவில் யாரையாவது "டிரைவரு" என்று கூப்பிட்டால் எங்கள் வீட்டு ஜன்னலில் கேட்கும்.

அவர் வாயில் அதிகம் புழங்கிய சொல் "பரவால்ல". அதுவும் எங்களுக்குள் ஒரு வழக்காகவே இருந்தது. பரவா என்பது உருது வழியாக நம்மிடம் வந்து சேர்ந்த சொல், கவலை என்று பொருள், கட்டுரையில் பரவாயில்லை என்று எழுதாதீர்கள், தாழ்வில்லை என்று எழுதுங்கள் என்று வகுப்புக்கு வகுப்பு சொல்லியிருக்கிறேன். எழுதிய பிள்ளைகளின் நோட்டில் சிவப்பு மையால் சுழித்து அரை மதிப்பெண் குறைத்திருக்கிறேன். ஒருநாள் நான் திருத்திக்கொண்டிருந்தபோது எட்டிப் பார்த்துவிட்டு எதற்குச் சுழி என்று கேட்டார். சொன்னேன். "கவல இல்லன்னு தான அர்த்தம்? நல்ல வார்த்தைய போயி அடிச்சிக்கினு இருக்கீங்களே" என்றார். நான் சுழிப்பதை நிறுத்தவில்லை, அவர் சொல்வதை நிறுத்தவில்லை.

சாம்பாரில் உப்புப் போட மறந்தால் பரவால்ல. பொண்ணு பன்னிரண்டாவதில் நினைத்த மார்க்கு வாங்கவில்லை என்றால் பரவால்ல. அறுப்புக்கு நான்கு நாள் இருக்கும்போது விடாமல் மழை பெய்து மல்லாட்டை மண்ணுக்குள்ளேயே முளைத்துப்போன வருஷம், ஒரு செடியைப் பிடுங்கி, காயிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த வெள்ளை முளையை என்னிடம் காட்டிவிட்டு அதையேதான் சொன்னார். எங்களுக்கு இரண்டாவதாக ஒரு ஆண் பிள்ளை பிறந்து, மூச்சு விடாமலே போனது. அன்று என் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்று, "பரவால்ல. நீ இருக்கிற இல்ல" என்றார். அதை ஒரு வருஷம் என்னால் மன்னிக்க முடியவில்லை. அன்றைக்கு அவர் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்தார் என்று அவருடைய தம்பி ரொம்ப நாள் கழித்துச் சொன்னபோதுதான் எனக்கு அந்தச் சொல் கொஞ்சம் விளங்கியது.

அதற்குப் பிறகு அவருடைய பரவால்லக்களைக் காது கொடுத்துக் கேட்கப் பழகினேன். வேண்டாம் என்பதற்கும் அவருக்கு அதே சொல்தான். வேண்டும், ஆனால் நானாகக் கேட்க மாட்டேன் என்பதற்கும் அதே சொல்தான். கடைசி எழுத்தை இழுத்தால் கோபம், வெட்டினால் அசதி, நடுவில் ரகரம் நன்றாக உருண்டால் உண்மையாகவே ஒன்றுமில்லை. இது எனக்கு மட்டும் தெரிந்த இலக்கணம் என்று ஒரு கர்வமும் இருந்தது. முப்பது வருஷக் குடித்தனத்தில் இதையாவது கற்றுக்கொண்டோமே என்று நினைத்துக்கொள்வேன்.

அன்று காலாண்டுத் தேர்வு முடிந்து விடைத்தாள்கள் குவிந்திருந்தன. இடைவேளை மணி அடித்து ஆசிரியர் அறையில் தாள்களோடு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் கணக்கு டீச்சர், எதிரில் இன்னும் இரண்டு பேர். பதினொரு மணி இருக்கும், போன் அடித்தது. அவர். பள்ளிக்கூட நேரத்தில் அவர் கூப்பிடவே மாட்டார். மகளுக்குப் பிரசவ வலி எடுத்தபோதுகூட நான் வீடு திரும்புகிற வரைக்கும் வைத்திருந்து சொன்ன மனுஷன். அந்த ஒன்றே எனக்குப் போதுமானதாக இருந்திருக்க வேண்டும்.

"இன்னாங்க, இந்நேரத்துல?" என்றேன்.

"கையி மதமதங்குது. வண்டி சாவி தொளையில நொளைய மாட்டுது. எடது கையாலதான் போன் போட்டேன்."

"ராத்திரி கைய அழுத்திக்கினு படுத்திருப்பீங்க. ஆஸ்பத்திரிக்குப் போறீங்களா? தம்பிய வரச் சொல்லட்டுமா?"

"பவால்ல" என்றார்.

நான் கேட்டேன். ரகரம் இல்லை என்பதை அந்தக் கணமே கேட்டேன். கேட்காமல் விட்டேன் என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியில்லை, எழுத்துப் பிழை கண்ணில் படாமல் போகிற பிறவி இல்லை நான். ழகரம் வராத மனுஷன், ஆனால் ஒரு நாளும் ரகரத்தை விட்டவர் இல்லை. அது ஏன் போயிற்று என்று ஒரு நொடி யோசித்திருந்தால் எழுந்து ஓடியிருப்பேன். நான் யோசிக்கவில்லை. பழக்கம் முந்திக்கொண்டது.

"வாயில என்ன கொழுக்கட்டையா? ர எங்க போச்சு, முழுங்கிட்டீங்களா?" என்றேன். பக்கத்திலிருப்பவர்களுக்கும் கேட்கட்டும் என்று கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். கணக்கு டீச்சர் சிரித்துவிட்டு, "வீட்ல சாருக்கும் மார்க்கு உண்டா டீச்சர்?" என்றார். "ஒரு மார்க்கு கொறச்சாச்சு" என்றேன் நான். எல்லோரும் சிரித்தோம். போனில் அவர் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. அவரும் சிரிக்கிறார் என்று நினைத்தேன். பிறகு, "நீ சாயங்காலம் வா" என்றார், வைத்துவிட்டார்.

அந்த உரையாடலை எத்தனை முறை எனக்குள் ஓட்டிப் பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. அவர் சொன்ன மற்ற வாக்கியங்களில் ஒரு ரகரம்கூட இல்லை. கையி மதமதங்குது, வண்டி சாவி தொளையில நொளைய மாட்டுது, எடது கையாலதான் போன் போட்டேன், நீ சாயங்காலம் வா. எழுத்தெழுத்தாகப் பிரித்துப் பார்த்துவிட்டேன். வராத எழுத்தை அவராகவே தெரிந்து ஒதுக்கினாரா, இல்லை தற்செயலா என்பது எனக்கு விளங்கவில்லை. என்னிடம் திட்டு வாங்காமலிருக்க ஒதுக்கினாரோ என்றும் ஒரு நினைப்பு வருகிறது. அந்த நினைப்பு வந்தால் அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்காது.

சாப்பாட்டு நேரத்தில் ஒருமுறை கூப்பிட்டேன். அடித்து அடித்து நின்றது. தூங்குகிறார், நல்லதுதான், கை சரியாகிவிடும் என்று எண்ணி டப்பாவைத் திறந்து சாப்பிட்டேன். நான்கு மணிக்குப் பள்ளி விட்டது. கையிலிருந்த விடைத்தாள் கட்டில் இன்னும் பன்னிரண்டு தாள் மிச்சம். அதையும் முடித்துவிட்டே கிளம்பினேன். விக்கிரவாண்டி சுங்கச்சாவடியில் லாரிகள் மறித்து நின்றதில் பஸ் நகரவில்லை. ஜன்னலோரம் ஒருத்தி வெள்ளரிப்பிஞ்சு விற்றுக்கொண்டு வந்தாள். அவருக்குப் பிடிக்கும் என்று வாங்கினேன்.

தெருமுனையிலேயே எங்கள் வீட்டு டி.வி. சத்தம் கேட்டது. எதிர்வீட்டம்மா வாசலில் நின்றுகொண்டு, "இன்னா டீச்சர், சாருக்கு இன்னிக்கு காது கேக்கலியா? மத்தியானத்துலருந்து இம்மாஞ் சத்தமா வச்சிக்கினு இருக்காரு. பேஜாராப் போச்சு" என்றாள். நானும் அவர்மேல் எரிச்சலோடுதான் படியேறினேன். கதவு சும்மா சாத்தியிருந்தது. அவர் கட்டில் காலில் சாய்ந்தபடி தரையில் கிடந்தார். வாய் இடது பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது. லுங்கி நனைந்திருந்தது. வலது கை வேறு யாருடையதோ மாதிரி உடம்புக்கடியில் மடங்கிக் கிடந்தது. இடது கையில் ரிமோட். சாவியும் போனும் மேஜைமேல், அவர் கைக்கு எட்டாத இடத்தில் இருந்தன. என்னைப் பார்த்ததும் அவர் கண்ணில் வந்தது பயம் இல்லை. வந்துட்டியா என்கிற ஒரு ஆறுதல். அதை மறந்துவிட முடிந்தால் நான் எதையும் கொடுப்பேன்.

அவருடைய தம்பி காரை எடுத்துக்கொண்டு வந்தார். தூக்கும்போது இடது கை ரிமோட்டை விடவில்லை. விரல் விரலாகப் பிரித்து நான்தான் பிடுங்கினேன், பிடுங்கிப் பைக்குள் போட்டேன். திண்டிவனம் ஆஸ்பத்திரியில் இருந்த ஒரு இளம் டாக்டர் கேட்ட முதல் கேள்வி இதுதான்: "கடைசியா எப்ப நல்லா பேசினாரு?" பக்கத்தில் தம்பி நின்றிருந்தார், அவர் மனைவி நின்றிருந்தாள். "காலையில, பதினோரு மணிக்கு, போன்ல" என்றேன். "நல்லா பேசினாரா?" என்று திரும்பவும் கேட்டார். "நல்லாதான் பேசினாரு" என்றேன். டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். "ஸ்ட்ரோக் வந்து நாலரை மணி நேரத்துக்குள்ள வந்திருந்தா அடைப்பு கரைய ஊசி போட்டுப் பாத்திருக்கலாம்மா" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு விழுப்புரத்துக்கு எழுதிக் கொடுத்தார். காலையில் நான் பஸ்ஸில் போன அதே ரோட்டில், அதே சுங்கச்சாவடி வழியாக, இந்த முறை ஆம்புலன்சில் போனோம்.

ரிமோட்டின் விஷயம் எனக்கு மறுநாள் பகலில்தான் பிடிபட்டது, அந்த இரும்பு நாற்காலியில் அதைக் கையில் வைத்துக்கொண்டிருந்தபோது. அவர் பாட்டுக் கேட்கவோ செய்தி கேட்கவோ சத்தத்தைக் கூட்டவில்லை. கத்த முடியவில்லை, அதனால் கூட்டியிருக்கிறார். யாராவது சண்டை போடவாவது வந்து கதவைத் தட்டட்டும் என்று கூட்டியிருக்கிறார். தெரு முழுக்கக் கேட்டது. தெருவில் எல்லோரும் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்கள். கூட்டுகிற பொத்தானின்மேல் எழுத்து தேய்ந்து போயிருந்ததைப் பார்த்தேன். அது பழைய தேய்மானமாகத்தான் இருக்கும். ஆனாலும் அன்று அப்படி நினைக்க முடியவில்லை. மூக்கைச் சிந்திக்கொண்டு அழுதேன். பக்கத்திலிருந்த அம்மா தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

பதினோரு நாள் அந்தக் கதவுக்கு முன்னால் இருந்தேன். காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை ஐந்து நிமிஷம் உள்ளே விடுவார்கள். மற்ற நேரங்களில் கதவு திறந்து நர்ஸ் யாராவது வெளியே வந்தால் எல்லோரும் எழுந்து நிற்போம். "எப்படிம்மா இருக்காரு?" என்று கேட்பேன். "பரவால்லம்மா" என்பார்கள். அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு மதியம்வரை ஓட்டுவேன். மதியம் வேறு நர்ஸ் வந்து, அவளும் பரவாயில்லை என்றால் சாயங்காலம்வரை ஓடும். ஆயுசு முழுக்கச் சுழித்த சொல்லுக்காகக் கதவைப் பார்த்துக்கொண்டு கையேந்தி நின்றேன். சொந்தக்காரர்கள் வந்து பார்த்துவிட்டு, "டீச்சர் இருந்ததால ஆச்சு, இல்லன்னா இவன் கதி என்ன" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்கள். அவருடைய தம்பி, "அண்ணி வந்ததும் வராததுமா ஒரு நிமிஷம் லேட் பண்ணல, ஜல்தியா என்னைக் கூப்டாங்க" என்று எல்லோரிடமும் சொன்னார். நான் தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டேன்.

ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, அங்கிருந்த பெண் டாக்டர் தனியாக அகப்பட்டபோது அவரிடம் மட்டும் சொன்னேன். "மேடம், அன்னிக்குக் காலையிலயே போன்ல ஒரு எழுத்து விட்டுப்போச்சு. நான் கவனிச்சேன். திண்டிவனத்துல கேட்டப்ப மறைச்சிட்டேன்." அவர் கோப்பில் ஏதோ குறித்துக்கொண்டார். "நீங்க மறைச்சதால சிகிச்சையில ஒண்ணும் மாறலம்மா. எப்படியும் நேரம் தாண்டிடுச்சு" என்றார். காலையிலேயே வந்திருந்தால் என்று கேட்டேன். அவர் நல்ல பெண், பொய் சொல்லத் தெரியவில்லை. "வந்திருந்தா முயற்சி பண்ணியிருப்போம்" என்றார்.

பன்னிரண்டாம் நாள் பொது வார்டுக்கு மாற்றினார்கள். அன்றுதான் வாயைத் திறந்தார். நான் நெற்றியைத் துடைத்துவிட்டு, "ஏங்க, நான் யாருன்னு தெரியுதா?" என்றேன். உதடு கோணிக்கொண்டு அசைந்தது. ரொம்பப் பாடுபட்டு, "பவால்ல" என்றார். பேச்சு வந்துவிட்டது என்று மகளும் நானும் கட்டிக்கொண்டு அழுதோம். தண்ணி வேணுமா என்றேன், பவால்ல. வலிக்குதா என்றேன், பவால்ல. மகள் போனில் பேரப்பிள்ளையின் படத்தைக் காட்டி இது யாருப்பா என்றாள். பவால்ல என்றார். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அப்போதுதான் எங்கள் இருவருக்கும் புரிந்தது.

பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் சின்ன வயசுக்காரி. வாரம் இரண்டு நாள் அவரை விழுப்புரத்துக்கு அழைத்துப் போகிறேன். "மூளையில பேச்சு இருக்கிற இடத்துல அடிபட்டிருக்குங்கம்மா. ரொம்ப நாளா சொல்லிப் பழகின ஒரு வார்த்தை மட்டும் சில பேருக்கு நின்னுடும். எதைச் சொல்ல நெனச்சாலும் அதுதான் வெளிய வரும். மத்ததும் வரலாம், வராமலும் போகலாம். நீங்க டீச்சர் இல்லையா, விடாம பேசிக்கினே இருங்க" என்றாள். தலையாட்டலையும் நம்ப முடியாதாம். ஆமாம் என்பதற்கும் இல்லை என்பதற்கும் அவர் தலை ஒரே மாதிரிதான் ஆடுகிறது. எத்தனையோ பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தேன் என்று பெயர். இந்த ஒரு ஆளுக்குக் காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் சொல்லிக் கொடுக்கிறேன். அம்மா என்று சொல்லுங்கள் என்கிறேன். வாயையே பார்க்கிறார், உதட்டைக் குவிக்கிறார், நெற்றியில் வியர்க்கிறது. வருவது அதே சொல்தான். ரகரம் இல்லாத அதே சொல்.

சொல் ஒன்றுதான், ஆனால் பழைய இலக்கணம் இப்போது உதவவில்லை. இழுத்தால் கோபம், வெட்டினால் அசதி என்பதெல்லாம் அந்த வாய்க்குச் சேர்ந்தது. இந்த வாயில் எல்லாம் ஒரே கனத்தில் வந்து விழுகிறது. என்னைக் கூப்பிட அவருக்கு வேறு வழி இருக்கிறது. விழுப்புரத்திலிருந்து வந்த அன்றே இடது கையால் பையைத் துழாவி அந்த ரிமோட்டை எடுத்துக்கொண்டார். தலையணைக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறார். நான் சமையலறையிலோ கொல்லையிலோ இருந்தால் சத்தத்தைக் கூட்டுவார். நான் போய் நின்றதும் குறைப்பார். எதிர்வீட்டம்மா இப்போதெல்லாம் சத்தம் கேட்டால் ஓடிவந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறாள். மூன்று மாத விடுப்பு முடிந்து நான் வேலைக்குப் போகிற நாட்களில் அவளை நம்பித்தான் போகிறேன். கழனியைத் தம்பி பார்த்துக்கொள்கிறார். நோட்டுத் திருத்தும்போது பரவாயில்லை என்று எந்தப் பிள்ளையாவது எழுதியிருந்தால் பேனா அந்த இடத்தில் நிற்கிறது, பிறகு அடுத்த வரிக்குப் போய்விடுகிறேன்.

போன வாரம் ஒரு சாயங்காலம் அவரிடம் சொல்லிவிட்டேன். ரொம்ப நாளாகத் தள்ளிப் போட்டது. செய்தி ஓடிக்கொண்டிருந்தது. அவருக்குக் கேப்பைக் கூழ் ஊட்டிவிட்டு, வாயைத் துடைத்துவிட்டு, கட்டிலிலேயே உட்கார்ந்தேன். "ஏங்க, அன்னிக்கு போன்ல நீங்க பேசினப்ப ர விட்டுப்போச்சு. எனக்குத் தெரிஞ்சிது" என்று ஆரம்பித்தேன். அவர் இடது கையை நகர்த்தி ரிமோட்டை எடுத்தார். சத்தத்தை முழுதாகக் குறைத்தார். டி.வி.யில் வாய்கள் மட்டும் அசைந்தன. கொழுக்கட்டை என்று கேலி செய்ததைச் சொன்னேன். பக்கத்திலிருந்தவர்கள் சிரிக்க வேண்டும் என்றே சத்தமாகச் சொன்னதைச் சொன்னேன். ஒரு மார்க்கு குறைத்ததைச் சொன்னேன். மிச்சமிருந்த பன்னிரண்டு தாளையும் திருத்தி முடித்துவிட்டு பஸ் ஏறியதையும், டாக்டரிடம் பொய் சொன்னதையும், எல்லோரும் என்னைப் புகழ்ந்தபோது வாயை மூடிக்கொண்டு இருந்ததையும் சொன்னேன். "நான் ஓடி வந்திருக்கணும்ங்க. அன்னிக்கு நான் ஓடி வந்திருக்கணும்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கண்ணில் நீர் இருந்தது. அந்தக் கண்ணில் இப்போது எப்போதும் நீர் கசிகிறது, அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. உதடு கோணி, அசைந்து, திறந்தது.

"பவால்ல" என்றார்.

மன்னித்துவிட்டேன் என்று சொல்ல நினைத்தாலும் அதுதான் வந்திருக்கும். அடிப்பாவி, நான் நாள் முழுக்கத் தரையில் கிடந்தேனே என்று சொல்ல நினைத்தாலும் அதுதான் வந்திருக்கும். கூழ் போதவில்லை, இன்னும் கொஞ்சம் ஊற்று என்று சொல்ல நினைத்திருந்தாலும் அதுவேதான். முப்பது வருஷம் அந்த மனுஷன் வாயிலிருந்து எந்தச் சொல்லைக் கேட்டுக் கேட்டுச் சலித்தேனோ, அதைத் தவிர வேறு எதையாவது சொல்ல மாட்டாரா என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். திட்டினால்கூடப் போதும் என்றிருந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

கிண்ணத்தை எடுத்துக்கொண்டு எழுந்தேன். சமையலறைக்குப் போய் அதைக் கழுவி வைத்தேன். அடுப்பில் பாலை ஏற்றினேன். பின்னால் டி.வி. மறுபடி பேச ஆரம்பித்தது. மெதுவாகத்தான் ஆரம்பித்தது. பிறகு கூடியது. இன்னும் கூடியது. பால் பொங்கி வந்துகொண்டிருந்தது. அடுப்பை அணைக்காமல் ஓடினேன்.